இறக்கத்தில் நிறுத்த இடமில்லாதபோது: பழைய வாகனங்களின் ஸ்டார்ட்டர் கோளாறும் தீர்வும்

நமது மலைப் பக்கத்தில் பழைய கார், வான் வைத்திருப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் வாகனத்தை இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார்கள். காலையில் ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால் பிரேக்கை விட்டு உருட்டி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை என எங்கு சென்றாலும் இக்காட்சியைக் காணலாம். பல வருடங்களாக ஸ்டார்ட்டரைத் திருத்தாமலே காலத்தை ஓட்டியவர்களும் நம்மிடையே உள்ளனர்.

ஆனால் மண்சரிவினால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த வசதி இல்லாமற் போய்விட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்ததையும் நாம் மறக்க முடியாது. அவ்வாறு இடம்பெயர்ந்தவர்கள் பாடசாலை மைதானத்திலோ, சமனாக வெட்டப்பட்ட காணியிலோ தங்க வேண்டியுள்ளது. அங்கே வாகனத்தை உருட்டி விட இறக்கம் கிடையாது. அதிகாலையில் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுசெல்ல வேண்டும். வான் “டிக்” என்ற ஒரு சத்தத்துடன் நின்றுவிட்டால் அன்றைய கோவாவும் லீக்ஸும் விலை போகாது.

இன்னொன்றும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைப் பார்த்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். வயோதிபரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் அந்த நேரத்தில் வாகனத்தைத் தள்ளுவதற்கு ஆள் தேட முடியுமா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனத்தின் விலையோ நம்மைப் போன்றோருக்கு எட்டாதது. எனவே கையிலுள்ள பழையதை நன்றாக வைத்திருப்பதே நமக்குள்ள வழி. ஸ்டார்ட்டர் ஏன் திரும்பத் திரும்பப் பழுதாகிறது, அதை எவ்வாறு நிரந்தரமாகத் தீர்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சாவியைத் திருப்பும்போது நடப்பது என்ன?

ஆரம்ப காலத்தில் கார்களைக் கைப்பிடியால் சுற்றித்தான் கிளப்பினார்கள். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அமெரிக்கரான சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்த பின்னரே இந்த ஆபத்து குறையத் தொடங்கியது. 1948 முதல் 1971 வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டு நமது நாட்டிலும் பெருமளவில் ஓடிய மொரிஸ் மைனர் காரில், மின்சார ஸ்டார்ட்டருடன் கைப்பிடி போடும் துவாரமும் இருந்ததை மூத்தவர்கள் அறிவர்.

ஸ்டார்ட்டர் என்பது பலமான ஒரு சிறிய மோட்டார். பெற்றோல் காரில் அது 100 முதல் 200 அம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். டீசல் வானில் இன்னும் அதிகம். இவ்வளவு மின்சாரத்தைச் சாவி சுவிச்சின் மெல்லிய வயரினூடாக அனுப்ப முடியாது. அனுப்பினால் வயர் உருகிவிடும். ஆகவே இடையில் ஒரு வாயிற்காவலன் தேவைப்படுகிறான். அவன்தான் சொலினொயிட்.

சாவியைத் திருப்பியதும் ஒரு சிறு மின்சாரம் சொலினொயிட்டின் கம்பிச் சுருளுக்குச் செல்கிறது. சுருள் காந்தமாகி உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தண்டு இரண்டு செப்புத் துண்டுகளை ஒன்றாக இணைக்க, பற்றரியின் முழு மின்சாரமும் மோட்டாருக்குப் பாய்கிறது. ஜப்பானிய வான்களில் சொலினொயிட் ஸ்டார்ட்டருடன் சேர்ந்தே இருக்கும். அதே தண்டு ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரத்தையும் முன்னே தள்ளி, என்ஜினின் பிளைவீல் பற்களில் பொருத்திவிடும். பழைய பிரித்தானிய கார்களில் சொலினொயிட் தனியாக, என்ஜின் அறையின் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் மோட்டார் சுழலும் வேகத்தினாலேயே பல்சக்கரம் முன்னே பாய்ந்து பொருந்தும். இதை நமது பாஸ்மார் “பென்டிக்ஸ்” என்பர்.

“டிக்” என்ற சத்தம் கேட்டதுமே “சொலினொயிட் போய்விட்டது” என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது சரியல்ல. அந்தச் சத்தம், சொலினொயிட் தன் வேலையைச் செய்ய முயல்கிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

சத்தத்தைக் கேட்டு நோயை அறிதல்

வைத்தியர் நாடி பார்ப்பது போல நாம் முதலில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எப்படி மாறுகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும்.

1. சத்தமே இல்லை, விளக்கு பிரகாசமாகவே இருக்கிறது: மின்சாரம் சொலினொயிட்டை எட்டவில்லை. சாவி சுவிச், சொலினொயிட்டுக்குச் செல்லும் சிறு வயர், அதன் முனை ஆகியவற்றைப் பாருங்கள். ஓட்டோ கியர் வாகனமானால் நியூட்ரலில் போட்டும் முயலுங்கள்.

2. “டிக் டிக் டிக்” என்று வேகமாக அடிக்கிறது, விளக்கும் துடித்து மங்குகிறது: பற்றரியில் மின்சாரம் குறைவு. அல்லது பற்றரி முனைகள் பூத்திருக்கின்றன.

3. ஒரே ஒரு பலத்த “டிக்”, விளக்கு அதிகம் மங்கவில்லை: சொலினொயிட்டினுள் உள்ள செப்புத் துண்டுகள் தேய்ந்திருக்கலாம். அல்லது மோட்டாரின் கரித் துண்டுகள், அதாவது கார்பன் பிரஷ், முடிந்திருக்கலாம்.

4. ஒரே “டிக்”, விளக்கு அணையும் அளவுக்கு மங்குகிறது: பற்றரி மிகவும் பலவீனமாக இருக்கலாம். பற்றரி நல்லதென்றால் ஸ்டார்ட்டரோ என்ஜினோ இறுகியிருக்கலாம்.

5. மோட்டார் “விர்” என்று சுழல்கிறது, என்ஜின் அசையவில்லை: பல்சக்கரம் பொருந்தவில்லை. பழைய காரில் பென்டிக்ஸ் அழுக்கேறியிருக்கும். வானில் பல்சக்கரத்தின் ஒருவழிக் கிளட்ச் வழுக்கும்.

6. என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை: இது ஸ்டார்ட்டரின் குற்றமல்ல. டீசல் வானானால் ஹீட்டர் பிளக்கையும், டீசல் குழாயில் காற்று புகுந்துள்ளதா என்பதையும் பாருங்கள்.

7. சாவியை விட்ட பின்னும் ஸ்டார்ட்டர் நிற்கவில்லை: செப்புத் துண்டுகள் ஒட்டிக்கொண்டன. தாமதியாமல் பற்றரி வயரைக் கழற்றுங்கள். இல்லாவிடில் தீப்பற்றும் அபாயம் உண்டு.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

இக்கட்டுரையை எழுதுபவரும் ஏமாந்தவர்தான். என்னுடைய பழைய டீசல் வானுக்கு ஒரே வருடத்தில் மூன்று சொலினொயிட் போட்டேன். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாக வேலை செய்யும். பிறகு பழைய “டிக்” திரும்பி வரும். ஒரு நாள் நாலைந்து தடவை முயன்ற பின் தற்செயலாக அக்ஸிலேட்டர் கேபிளில் கை பட்டது. கொதித்தது! என்ஜினையும் வாகனத்தின் பொடியையும் இணைக்கும் ஏர்த் பட்டி துருப்பிடித்து அறுந்திருந்தது. திரும்பிச் செல்ல நேர்வழி இல்லாததால் மின்சாரம் அந்த மெல்லிய கேபிளினூடாகப் போயிருக்கிறது. புதிதாக ஓர் ஏர்த் பட்டி போட்டேன். அதன் பின் நான்காவது சொலினொயிட் வாங்க நேரவில்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. சொலினொயிட்டை மாற்றுவது நோவுக்கு மாத்திரை விழுங்குவது போன்றது. நோயின் காரணம் உள்ளே இருக்கும்வரை நோவு திரும்ப வரும். மின்சாரம் குறைவாக வரும்போது காந்தத்துக்குப் போதிய இழுவை இல்லை. தண்டு விட்டு விட்டு அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் செப்புத் துண்டுகளுக்கிடையே தீப்பொறி பறந்து செப்பு கருகும். ஆகவே பற்றரியிலும் வயரிலும் உள்ள பழுதே புதிய சொலினொயிட்டையும் தின்றுவிடுகிறது.

நமது பிரதேசத்தில் இதற்கு விசேட காரணங்களும் உண்டு. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துப் பனியும் ஈரமும் வயர் முனைகளைப் பூக்கச் செய்கின்றன. மரக்கறி ஏற்றும் வானிலேயே உரமூட்டையும் ஏற்றுகிறோம். அமோனியா கலந்த உரத்தின் தூள் ஈரத்துடன் சேர்ந்தால் செப்பை அரித்துவிடும். உரம் ஏற்றிய பின் வாகனத்தைக் கூட்டித் துடைப்பது இதற்காகவே அவசியமாகிறது. என்ஜினிலிருந்து ஒழுகும் ஒயில் ஸ்டார்ட்டரினுள் இறங்குவதும் கரித் துண்டுகளைக் கெடுக்கும். அந்த ஒழுக்கை நிறுத்தாமல் ஸ்டார்ட்டரை மட்டும் திருத்துவதில் பயனில்லை.

வேலையைத் தொடங்க வேண்டிய ஒழுங்கு

செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிச் செல்ல வேண்டும்.

முதலாவது, பற்றரி. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் உள்ளது. ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இதைப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது ஓல்டனேட்டர் உள்ள வாகனத்தில் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பற்றரி நிரம்புவதில்லை என்று பொருள்.

இரண்டாவது, முனைகள். பற்றரி முனைகளைக் கழற்றி, அப்பச் சோடா கலந்த சுடுநீரால் கழுவுங்கள். சோடா நீர் பற்றரியின் உள்ளே போகாமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். காய்ந்த பின் மணற்கடதாசியால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது கிரீஸ் பூசுங்கள். ஸ்டார்ட்டரிலுள்ள தடித்த வயரின் நட்டையும் இவ்வாறே செய்யுங்கள்.

மூன்றாவது, ஏர்த். பற்றரியிலிருந்து பொடிக்கும், பொடியிலிருந்து என்ஜினுக்கும் செல்லும் பட்டிகளைக் கழற்றி, அவை தொடும் இடத்துப் பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். மீட்டர் இருந்தால், ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் மறுமுனையை என்ஜினிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த்தில் குறை உண்டு. மீட்டர் இல்லாதவர்கள் நாலைந்து தடவை முயன்ற பின் சாவியை எடுத்துவிட்டு, வயர் பொருத்துகளை மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் பழுது.

நான்காவது, சாவி சுவிச்சிலிருந்து வரும் சிறு வயர். குளிரில் ஸ்டார்ட் ஆகும், ஓடி வந்து சூடானதும் “டிக்” என்று நிற்கும் என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டினால் கம்பிச் சுருளின் தடை கூடுகிறது. தேய்ந்த சுவிச்சினூடாக வரும் மின்சாரம் அப்போது போதாமற் போகிறது. பற்றரியிலிருந்து பியூஸுடன் ஒரு தனி வயர் எடுத்து, ஒரு ரிலே பொருத்தினால், சாவி சுவிச்சின் பாரம் குறைந்து சொலினொயிட்டுக்கு முழு மின்சாரமும் கிடைக்கும். ஹெட்லைட், ஹோர்ன் வேலை தெரிந்த எந்த வயரிங் பாஸும் இதைச் செய்வார்.

இவை நான்கும் சரியென்றால் மட்டுமே ஐந்தாவதாக ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். பழைய டொயோட்டா வான்களில் பெரும்பாலும் உள்ள டென்சோ ஸ்டார்ட்டரின் சொலினொயிட்டைத் திறக்கலாம். மூடியின் மூன்று திருகுகளைக் கழற்றினால் உள்ளே செப்புத் துண்டுகள் தெரியும். அவை ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். முழு ஸ்டார்ட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தத் துண்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். தண்டின் முனையிலுள்ள செப்பு வட்டமும் தேய்ந்திருந்தால் தண்டையும் மாற்றுங்கள். கரித் துண்டுகளின் நீளத்தையும், தண்டு சுழலும் புஷ்களையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

மொரிஸ் மைனர் போன்ற காரின் பென்டிக்ஸை மண்ணெண்ணெயால் கழுவி நன்கு காயவிட வேண்டும். அதற்கு ஒயிலோ கிரீஸோ பூசாதீர்கள். தூசி ஒட்டி மீண்டும் இறுகிவிடும். அக்காரின் ஸ்டார்ட்டர் பிளைவீலில் சிக்கிக்கொண்டால், சாவியை எடுத்துவிட்டு, உயர்ந்த கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும்.

உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள்

வாகனத்தின் கீழே படுத்து ஸ்க்ரூடிரைவரால் சொலினொயிட்டின் இரு முனைகளையும் தொடுத்து ஸ்டார்ட் செய்வதை நாம் பலரும் பார்த்திருக்கிறோம். கியரில் இருந்தால் வாகனம் அந்த நிமிடமே பாய்ந்து கீழேயிருப்பவர் மேல் ஏறிவிடும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஸ்டார்ட்டரைத் தொடுமுன் பற்றரியின் ஏர்த் முனையை முதலில் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். புதிய வாகனங்களில் ஏர்த் என்பது கழித்தல் முனை. மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய கார்களிலோ கூட்டல் முனைதான் பொடியுடன் இணைக்கப்பட்டு வந்தது. சிலவற்றைப் பிற்பாடு மாற்றியும் இருப்பார்கள். வேறு வாகனத்திலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யுமுன் இதை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். பற்றரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அருகில் பீடி, சிகரட் கூடாது.

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்து, வாகனத்தை உறுதியான தாங்கியில் நிறுத்திய பின்னரே கீழே செல்ல வேண்டும்.

ஒரு தடவையில் பத்து வினாடிகளுக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதிலும் பெரிய ஆபத்து உண்டு. என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைபுரியும் வெக்குவமும், பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. என்ஜின் பிடிக்காவிட்டால், நமது வளைவுகளில் அந்த வாகனத்தை நிறுத்துவது மிகக் கடினம். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் இவ்வாறு உருட்டாதீர்கள்.

பழைய வாகனம் வாங்குவோருக்கு

நட்டஈட்டுப் பணத்திலோ கடனிலோ பழைய வான் வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவர் வாகனத்தை இறக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தால், சமமான இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவையும், ஒரு மணித்தியாலம் ஓடிய பின் நாலைந்து தடவையும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு தடவையாவது “டிக்” என்று நின்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஏற்கனவே வாகனம் உள்ளவர்கள் அதில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை, குளிரிலா சூட்டிலா, மழையிலா வெயிலிலா, என்ன சத்தம் கேட்டது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதுங்கள். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் காட்டினால் பாஸுக்கும் வேலை இலகு. தேவையில்லாத பாகத்துக்கு நாம் பணம் கொடுப்பதும் குறையும்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி, பற்றரி, முனைகள், ஏர்த் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலையும், ஒரு துண்டு மணற்கடதாசியும், சிறிது கிரீஸும்தான் செலவு. அதே நேரம், எவ்வளவு நன்றாகத் திருத்திய வாகனமானாலும் அது இயந்திரமே. எச்சரிக்கை வந்த இரவில் முதல் திருப்பலில் என்ஜின் பிடிக்காவிட்டால் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்காதீர்கள். வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிடுங்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐயும், நோயாளிக்கு அம்புலன்ஸ் தேவையெனில் 1990 ஐயும் அழைக்கலாம். வானைப் பிறகு வந்து திருத்திக்கொள்ளலாம்.